100 எம்பி வட்டில் 96 எம்பிதான் வந்திருக்கிறது, மீதி 4 எங்கே போயிற்று?

செம்பருத்தி (சாட்ஸ்வொர்த், டர்பன்), ஞாயிறு காலை 9:10

எல்லோருக்கும் வணக்கம். நான் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எங்கள் கோயில் சங்கத்தின் இரும்பு அலமாரியில் இரண்டு பிஸ்கட் டப்பா நிறைய பழைய கணினி வட்டுகள் கிடந்தன. ஸ்டிஃபி என்று நாங்கள் சொல்கிற 3.5 அங்குல ஃபிளாப்பி 171, அதைவிட அதிகம் கொள்ளும் ஜிப் வட்டு 6. காவடித் திருவிழா மலர்கள், தமிழ்ப் பள்ளித் தேர்வுத்தாள்கள், இவற்றோடு மறைந்த ஓர் ஆசிரியர் பல ஆண்டுகள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த குடும்பப் பட்டியல். ஒப்பந்தக் கூலியாக வந்த முன்னோர் எந்தக் கப்பல், எந்த ஊர், அரசு அவருக்குக் கொடுத்த காலனி எண் என்ன என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. அந்தப் பட்டியலுக்காகத்தான் இவ்வளவு பாடு.

ஒரு கடையில் கொடுத்து எல்லாவற்றையும் இமேஜ் கோப்புகளாக (ஒரு வட்டு முழுவதும் அப்படியே ஒரே கோப்பாக) ஒரு மெமரி ஸ்டிக்கில் வாங்கி வந்தேன். கூடவே ஓர் எக்செல் தாளும் கொடுத்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. ஜிப் வட்டின் மேல் 100 எம்பி என்று அச்சடித்திருக்கிறது, தாளில் 96 என்று இருக்கிறது. ஸ்டிஃபியில் 1.44, தாளில் 1.40. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைகிறது. கடைசியில் மொத்தம் என்று 576 போட்டிருக்கிறது, அதுவும் எனக்கு ஒத்து வரவில்லை.

ஜிப் ஒன்றுக்கு 4 எம்பி என்றால் ஆறு வட்டில் 24 எம்பி. அந்த ஆசிரியரின் பட்டியல் மொத்தமுமே அவ்வளவு வராது. திரும்பக் கொண்டுபோய் எல்லாவற்றையும் மறுபடி நகலெடுக்கச் சொல்லலாமா?

கடலோரம் (டர்பன்), ஞாயிறு காலை 9:48

அக்கா, முதலில் ஒன்று. ஜிப் வட்டுகளைத் தயவுசெய்து மறுபடி எந்த ட்ரைவிலும் போடாதீர்கள். அவற்றில் ஒரு பைட்கூடக் குறையவில்லை.

வட்டில் தகவலைப் பிரித்து வைக்கிற சின்னத் துண்டுக்கு செக்டர் என்று பெயர். ஜிப் 100 வட்டில் இருப்பது 1,96,608 செக்டர். ஒரு செக்டர் 512 பைட். பெருக்கிப் பாருங்கள், 10,06,63,296 பைட். இதை 1000, 1000 என்று வகுத்தால் 100.66 மெகாபைட் வரும், அட்டையில் போட்ட 100 சரி. 1024, 1024 என்று வகுத்தால் துல்லியமாக 96 வரும். விண்டோஸ் 1024 கொண்டு வகுத்துவிட்டு அதற்கும் எம்பி என்றே பெயர் போடுகிறது. இரண்டும் ஒரே வட்டுதான், அளவுகோல் மட்டும் வேறு. ஜிப் 250 வாங்கியவர்களுக்கும் திரையில் 239 என்று தெரிந்தது இதனால்தான்.

உங்கள் மெமரி ஸ்டிக்கில் அந்தக் கோப்பின் மேல் வலது சொடுக்கு போட்டுப் பண்புகளைத் திறங்கள். எம்பி கணக்குக்குப் பக்கத்திலேயே பைட் எண்ணிக்கை முழுதாக இருக்கும். ஆறு கோப்புக்கும் அது 10,06,63,296 என்று இருந்தால் வட்டு முதலிலிருந்து கடைசி வரை வந்திருக்கிறது.

மறுபடி போடாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த ட்ரைவ்களில் வட்டைப் படிக்கிற தலை இடம் பிசகினால் டக், டக் என்று சத்தம் வரும். அப்படிப்பட்ட ட்ரைவ் வட்டின் ஓரத்தைக் கிழித்துவிடும், கிழிந்த வட்டு அடுத்து போகிற நல்ல ட்ரைவின் தலையையும் கெடுத்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் நான் பழுது பார்க்கிற வேலையில் இருந்தேன். ஒரே ஒரு வட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய் மூன்று ட்ரைவைப் பாழாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செம்பருத்தி, ஞாயிறு காலை 10:15

அப்பாடா. ஆறும் 10,06,63,296. ஒவ்வொன்றாகத் திறந்து, பேனாவால் எழுதி, இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்துவிட்டேன். ரொம்ப நன்றி அண்ணா.

ஆனால் ஸ்டிஃபி புரியவில்லை. தாளில் 1.40 என்று இருப்பவற்றைத் திறந்தால் 14,74,560 பைட். இதை 1000 கொண்டு வகுத்தால் 1.47 வருகிறது, 1024 கொண்டு வகுத்தால் 1.40 வருகிறது. அட்டையில் போட்ட 1.44 எந்த வழியிலும் வரவில்லையே?

கடலோரம், ஞாயிறு காலை 10:40

அந்த 1.44 இரண்டு அளவுகோலையும் கலந்து பிறந்த எண். வட்டுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 டிராக் (வட்டமான தடம்), டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் உங்கள் 14,74,560. அதை ஒரு தடவை 1024 கொண்டு வகுத்தால் 1440 கிலோபைட். இதுவரை ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்கு முந்தைய வட்டு 720 கிலோபைட், இது அதைப் போல் இரண்டு மடங்கு. அப்புறம் 1440-இல் புள்ளியை மூன்று இடம் தள்ளி 1.44 எம்பி என்று அட்டையில் போட்டுவிட்டார்கள். முதல் வகுத்தல் 1024, இரண்டாவது 1000. அந்த ஒரு எம்பி என்பது 10,24,000 பைட். ஃபிளாப்பி குடும்பத்துக்கு வெளியே யாரும் அப்படி ஒரு எம்பி வைத்து அளந்ததில்லை.

5.25 அங்குலத்தில் வந்த 1.2 எம்பியும் இதே கதைதான். அது 15 செக்டர், 12,28,800 பைட், அதாவது 1200 கிலோபைட். கடைசியாக வந்த 2.88-உம் அப்படியே, 29,49,120.

மதுரைமல்லி (ஜோகன்னஸ்பர்க்), ஞாயிறு காலை 11:22

எனக்கு மதுரை, இங்கே ஐடி வேலைக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. இந்த ஊரில் 3.5 அங்குலத்தை ஸ்டிஃபி என்று சொல்வதே எனக்கு முதலில் புதிதாக இருந்தது. எங்கள் ஊரில் எல்லாமே ஃபிளாப்பிதான். இங்கே வளைகிற 5.25-க்குத்தான் ஃபிளாப்பி என்று பெயர்.

அக்கா, 576 எப்படி வந்தது என்று பார்த்துவிட்டேன். 6 பெருக்கல் 96. உங்கள் தாள் ஜிப் வட்டுகளை மட்டும் கூட்டியிருக்கிறது. தென்னாப்பிரிக்க அமைப்பில் இருக்கிற கணினியில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். 1.40 என்று புள்ளி வைத்துத் தட்டியதும் எக்செல் அதை எண்ணாக எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. எழுத்தைக் கூட்டலில் சேர்க்காது. 96-இல் புள்ளி இல்லாததால் அது மட்டும் தப்பித்தது. உங்கள் தாளில் 1.40 எல்லாம் கட்டத்தின் இடது ஓரத்திலும் 96 வலது ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

செம்பருத்தி, ஞாயிறு காலை 11:31

ஆமாம்! 96 மட்டும் வலப்பக்கம். இவ்வளவு நேரம் பார்த்தும் என் கண்ணில் படவே இல்லை.

மதுரைமல்லி, ஞாயிறு மதியம் 12:05

அதனால் அட்டவணையில் எம்பி என்ற பத்தியே வேண்டாம் என்பது என் கருத்து. பைட் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள், காற்புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் வெறும் இலக்கமாக. நம் வழக்கத்தில் 14,74,560 என்று லட்சத்தில் பிரிப்போம், இங்கே பள்ளியில் படித்தவர்கள் 1 474 560 என்று இடைவெளி விட்டு எழுதுவார்கள், இங்கிலாந்துக் கணினி 1,474,560 என்று காட்டும். பிரிக்காமல் எழுதிவிட்டால் எந்த நாட்டுக் கணினியும் தடுமாறாது.

உங்கள் குவியலையே ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 171-இல் 1.44 எத்தனை, 720 எத்தனை என்று சொல்கிறீர்களா?

செம்பருத்தி, ஞாயிறு மதியம் 12:50

தாளில் 0.70 என்று இருப்பவை 31. மீதி 140. அந்த 31-ஐப் பார்த்து, பாதிதான் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். இப்போது வட்டுகளையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் கீழே இரண்டு மூலையிலும் சதுர ஓட்டை, இந்த 31-இல் ஒரு மூலையில் மட்டும்.

கடலோரம், ஞாயிறு மதியம் 1:15

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு ஓட்டை எழுதவிடாமல் தடுப்பதற்கு, சின்னத் தாழ்ப்பாள் மாதிரி நகரும். மற்றது அடர்த்தி கூடிய வட்டு என்று ட்ரைவுக்குச் சொல்வதற்கு. அது இல்லாவிட்டால் 9 செக்டர் வட்டு, 7,37,280 பைட். அதுதான் அதன் முழு அளவு.

தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டிஃபியில் ஓட்டை திறந்திருந்தால் எழுத முடியாது, அதுதான் நமக்கு நல்லது. பழைய 5.25-இல் நேர் எதிர், ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால்தான் பாதுகாப்பு. நகலெடுக்க எடுத்துப்போகும் முன்பு ஒவ்வொன்றையும் பார்த்துவிட வேண்டும்.

மதுரைமல்லி, ஞாயிறு மதியம் 1:40

சரி, கணக்கு. 140 பெருக்கல் 14,74,560 என்றால் 20,64,38,400. 31 பெருக்கல் 7,37,280 என்றால் 2,28,55,680. ஆறு ஜிப் 60,39,79,776. ஆக மொத்தம் 83,32,73,856 பைட்.

இதை 1000 வழியில் சொன்னால் 833.27 எம்பி. 1024 வழியில் 794.67. அட்டைகளில் அச்சடித்த எண்களைக் கூட்டினால் 823.92. ஒரே இரண்டு பிஸ்கட் டப்பாவுக்கு மூன்று விடை. 1024 வழிக்கு மெபிபைட் என்று தனிப் பெயரை 1998-லேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் கொடுத்துவிட்டது, ஆனால் கடைத்தெருவில் அந்தப் பெயர் புழங்கவில்லை. ஆப்பிள் கணினிகள் 2009-இல் 1000 வழிக்கு மாறின, விண்டோஸ் மாறவில்லை. உங்கள் மெமரி ஸ்டிக்கை ஆப்பிளின் மேக் கணினி ஒன்றில் செருகினால் அதே கோப்பு 1.5 என்றோ 100.7 என்றோ தெரியும். பயந்துவிடாதீர்கள்.

தீவுக்காற்று (ரெயூனியன்), ஞாயிறு மாலை 4:20

படித்துக்கொண்டே வருகிறேன். எங்கள் பக்கம் பிரெஞ்சு வழக்கம் என்பதால் பைட் என்றே சொல்ல மாட்டார்கள், ஆக்டே என்பார்கள். வட்டின் மேல் எம்பிக்குப் பதிலாக எம்ஓ என்று இருக்கும், 1,44 எம்ஓ. எங்களுக்கு அதனால் ஒரு நன்மை உண்டு. ஆங்கிலத்தில் பெரிய பி பைட், சின்ன பி பிட். எழுத்தைக் கவனிக்காவிட்டால் எட்டு மடங்கு தவறிவிடும். ஓ போட்டால் அந்தக் குழப்பம் வராது. உங்கள் சங்கத்துக்கு இங்கிருந்து ஏதாவது வட்டு வந்திருந்தால் எம்ஓ என்பதைக் கண்டு வேறு ஏதோ அளவு என்று நினைக்க வேண்டாம், அதே பைட்தான்.

செம்பருத்தி, ஞாயிறு இரவு 8:35

எல்லா 171 கோப்பின் பைட் எண்ணிக்கையையும் உட்கார்ந்து எழுதினேன். 170 ஒழுங்காக இருக்கின்றன. ஒன்று மட்டும் இரண்டிலும் சேரவில்லை. வட்டு எண் 47. இரண்டு ஓட்டை உள்ளதுதான், ஆனால் கோப்பு 11,05,920. கடைத் தாளில் 1.05 என்று போட்டிருக்கிறார்கள், இவ்வளவு நாள் 1.40-களுக்கு நடுவில் அது என் கண்ணில் தனியாகத் தெரியவில்லை.

திறந்து பார்த்தேன், உள்ளே கோப்புப் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. குடும்பப் பட்டியல் 1, 2, 3, 4. ஆனால் 3 பாதியில் நிற்கிறது, 4 திறக்கவே இல்லை.

கடலோரம், ஞாயிறு இரவு 8:58

அக்கா, இதுதான் உண்மையான குறை. எண்ணை வகுத்துப் பாருங்கள், எங்கே நின்றது என்று அதுவே சொல்லும். தலை ஓரிடத்தில் நின்று இரண்டு பக்கமும் படித்தால் 36 செக்டர், 18,432 பைட். 11,05,920-ஐ 18,432 கொண்டு வகுத்தால் மிச்சமில்லாமல் 60. ஆக 80-இல் 60 படித்ததும் நின்றிருக்கிறது. கால் பங்கு வட்டு படிக்கப்படவே இல்லை.

பெயர்கள் முழுதாகத் தெரிவது ஏமாற்று. கோப்புகளின் பெயர்ப் பட்டியல் வட்டின் வெளி ஓரத்தில், முதல் 33 செக்டருக்குள் இருக்கும். அது முதலிலேயே வந்துவிடும். உள்ளடக்கம் பின்னால் கிடக்கும். பெயரைப் பார்த்து எல்லாம் வந்துவிட்டது என்று கடையில் நினைத்திருப்பார்கள். இதே 33 செக்டரால்தான் காலி வட்டில்கூட 14,57,664 பைட்தான் நமக்கு எழுதக் கிடைக்கும்.

வட்டு 47 கையில் இருக்கிறதா? ஓரத்தில் நகர்கிற மூடித் தகட்டை விரலால் மெல்லத் தள்ளி உள்ளே பாருங்கள்.

செம்பருத்தி, ஞாயிறு இரவு 9:12

பார்த்தேன். பழுப்புப் பரப்பில் வெள்ளையாக, விபூதி தெளித்தாற்போல் புள்ளிகள். உள்பக்கம், நடு வட்டத்துக்குக் கிட்டத்தில் அதிகம்.

கடலோரம், ஞாயிறு இரவு 9:25

பூஞ்சை. நம் டர்பன் ஈரத்துக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். டிராக் எண்ணிக்கை வெளியிலிருந்து உள்ளே போகும், அதனால் 60-க்கு மேல் என்பது நீங்கள் சொல்கிற உள்பக்கம்தான்.

இப்படியே ட்ரைவில் போட்டால் பூஞ்சை தலையில் ஒட்டி, அடுத்து போடுகிற வட்டையும் கீறும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, தகட்டைத் திறந்து பிடித்து, பின்பக்கத்து உலோகச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே துடைக்க வேண்டும். அழுத்தக் கூடாது. இரண்டு பக்கமும். நன்றாகக் காய்ந்த பிறகு டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளால் படிக்க வேண்டும். அது படிக்க முடியாத இடத்தில் நின்றுவிடாது, தாண்டிப் போய் மற்றதை எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து முயலும். உங்களுக்கு வசதி என்றால் செவ்வாய் மாலை என் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், யூஎஸ்பியில் செருகுகிற ஃபிளாப்பி ட்ரைவ் இரண்டு வைத்திருக்கிறேன்.

மதுரைமல்லி, ஞாயிறு இரவு 10:02

இங்கே என் பேச்சை நானே திருத்திக்கொள்ள வேண்டும். பைட் எண்ணிக்கை சரி என்றால் நகல் சரி என்பது போல் நாங்கள் பேசிவிட்டோம், அது போதாது. டிடிரெஸ்கியூ மாதிரி மென்பொருள் படிக்க முடியாத செக்டருக்கு இடம் விட்டுவிட்டு மேலே போகும். கோப்பு 14,74,560 என்று முழு அளவில்தான் இருக்கும், உள்ளே வெற்றிடம் இருக்கலாம். எண்ணிக்கை குறைந்தால் நிச்சயம் குறை. எண்ணிக்கை சரியாக இருந்தால், என்ன நடந்தது என்ற பதிவுக் கோப்பையும் பார்க்க வேண்டும். கடையில் அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், முக்கியமாக ஆறு ஜிப் வட்டுக்கும்.

பாட்டிவீடு (பீட்டர்மரிட்ஸ்பர்க்), திங்கள் காலை 7:30

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டு வட்டுகளில் தமிழ்க் கடிதங்கள் இருந்தன, தம்பி அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தான். மாற்றிய பிறகு கோப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரிதாகிவிட்டது. ஏதாவது தப்பாகச் சேர்ந்துவிட்டதா?

மதுரைமல்லி, திங்கள் காலை 8:10

இல்லை, அப்படித்தான் ஆகும். பழைய எழுத்துருவில் ஒரு தட்டச்சுக்கு ஒரு பைட். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தமிழ் என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, ஆக 5 பைட். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், அதே சொல் 15 பைட். கு மாதிரி எழுத்து இன்னும் கூடும். பழையதில் அது ஒரே வடிவம், 1 பைட். யூனிகோடில் ககரமும் உகரக் குறியும் தனித்தனி, 6 பைட். மாறாக, கொ பழையதில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று 3, யூனிகோடில் 6. இடைவெளியும் எண்களும் 1 பைட்டாகவே இருக்கும். எல்லாம் சேர்ந்து இரண்டிலிருந்து மூன்று மடங்குக்குள் நிற்கும்.

அதனால் மாற்றிய கோப்பின் அளவை மூலக் கோப்பின் அளவோடு ஒப்பிட்டுப் பயனில்லை. வரி எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். மூலத்தைக் கட்டாயம் அப்படியே வைத்திருங்கள், மாற்றும்போது தவறு நேர்ந்திருந்தால் அதிலிருந்துதான் திரும்ப எடுக்க முடியும்.

செம்பருத்தி, செவ்வாய் இரவு 9:50

கடலோரம் அண்ணன் வீட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன். மூன்று மணி நேரம். துடைத்த பஞ்சு சாம்பல் நிறமாக வந்தது, எட்டுக் குச்சி ஆனது. முதல் ட்ரைவில் 2880 செக்டரில் 2851 வந்தன. அண்ணன் அதே பதிவுக் கோப்பை வைத்துக்கொண்டு இரண்டாவது ட்ரைவில் போட்டார். ஒரு ட்ரைவ் படிக்காததை இன்னொன்று படிக்குமாம். 29-இல் 25 வந்துவிட்டன. மீதி 4 செக்டர், 2048 பைட். அவை எந்தக் கோப்பில் விழுகின்றன என்று தேடினோம். மூன்று செக்டர் யாரும் எழுதாத காலி இடம். ஒன்று மட்டும் பட்டியல் 4-இன் நடுவில்.

பட்டியல் 3-உம் 4-உம் திறந்தன. வட ஆற்காடு, செங்கல்பட்டு, திருச்சி என்று ஊர்கள். 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, பிற்பாடு வந்த கப்பல்கள் வரை, ஒவ்வொரு வரியிலும் காலனி எண்ணோடு. நடுவில் ஓரிடத்தில் 512 பைட் அளவுக்கு வெறும் கட்டங்கள், ஏழு வீட்டின் வரி அதில் போயிருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் பார்த்தால் அந்த ஏழும் மவுண்ட் எட்ஜ்கூம்ப் பக்கத்துக் குடும்பங்கள். வரும் வாரம் அங்கே கோயிலுக்குப் போய்க் கேட்கப் போகிறேன். அந்த ஆசிரியர் கேட்டது போலவே வீடு வீடாகக் கேட்டுவிடலாம்.

கடலோரம், செவ்வாய் இரவு 10:20

வட்டு 47-ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அக்கா. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். கிரீஸ்வீசல் என்று ஒரு சின்ன பலகை வருகிறது, காந்தத் துடிப்பையே நேராகப் பதிவு செய்யும். அதை வரவழைத்திருக்கிறேன். வந்ததும் அந்த ஒரு செக்டரை மறுபடி முயன்று பார்க்கலாம்.

பாட்டிவீடு, புதன் காலை 6:45

அண்ணா, என்னிடமும் ஒரு பெட்டி இருக்கிறது. பழைய மேக்கில் எழுதிய 800 கிலோபைட் வட்டுகள், சுமார் இருபது. யூஎஸ்பி ட்ரைவில் போட்டால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது.

கடலோரம், புதன் காலை 7:05

வேண்டாம் என்று அழுத்திவிட்டு உடனே வெளியே எடுங்கள். அந்த மேக் வட்டுகளில் வெளி டிராக்கில் 12 செக்டர், உள்ளே போகப் போக 11, 10, 9, கடைசியில் 8. மோட்டாரின் வேகமும் அதற்கேற்ப மாறும். சாதாரண யூஎஸ்பி ட்ரைவுக்கு அது புரியாது, காலி வட்டு என்று நினைத்துக்கொள்ளும். முழு அளவு 8,19,200 பைட், அந்த எண்ணை இப்போதே உங்கள் அட்டவணையில் எழுதி வையுங்கள். பலகை வந்ததும் சொல்கிறேன். தபாலில் அனுப்ப வேண்டாம், டர்பன் வரும்போது கையில் கொண்டு வாருங்கள், வண்டியில் வெயில் படாத இடத்தில் வைத்து.